தண்ணி காட்டிய பையனும் இலவு காத்த கிளியும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் படித்தாலும் புரியட்டும். மன்னார்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் நடக்கும் நாவலை எழுதி முடித்திருக்கிறீர்கள். படித்துப் பார்த்த நண்பர் அதில் இரண்டு இடங்களைச் சுழித்துத் தந்திருக்கிறார். முதல் இடத்தில், சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த 7 வயதுப் பையன். அவனுடைய பெரியப்பா பயிர்க்கடன் பாக்கிக்காரர். "பேங்க்காரனுக்கு ஒரு வருஷமா தண்ணி காட்டிக்கிட்டு இருக்கேன்" என்று திண்ணையில் யாரிடமோ சொல்கிறார். நாலு நாள் கழித்து வங்கி அலுவலர் வாசலில் வந்து நிற்க, பையன் உள்ளே ஓடி ஒரு சொம்புத் தண்ணீரோடு வருகிறான். "பெரியப்பா ஒரு வருஷமா உங்களுக்குத் தண்ணி காட்டுறாங்களாமே, இன்னுமா தாகம் அடங்கல?" என்று கேட்கிறான். இரண்டாம் இடத்தில் பேசுவது கதைசொல்லியாகிய நீங்கள்: "இலவு காத்த கிளியாக 12 வருஷம் காத்திருந்த செல்வி கடைசியில் அவனையே கைப்பிடித்தாள், ஊரே மகிழ்ந்தது." நண்பர் இரண்டுக்கும் ஒரே குறிப்பைத்தான் எழுதியிருக்கிறார்: மரபுத்தொடர்ப் பிழை. இரண்டும் ஒன்றுதானா என்று கேட்கிறீர்கள்.

ஒன்றில்லை. முதலாவது உங்கள் நாவலில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம். இரண்டாவது பிழை, திருத்த வேண்டியது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். கும்பகோணத்தில் இருந்துகொண்டு இருபத்தைந்து வருஷமாகப் பிறர் கதைகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறவன் நான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நல்ல காட்சிகள் வெட்டுப்படுவதையும் தப்பான வரிகள் அச்சேறுவதையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளியில் படித்திருப்பீர்கள்: வழாநிலை, வழு, வழுவமைதி. பிசகாமல் சொல்வது வழாநிலை, பிசகுவது வழு, பிசகினாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாகச் சொல்கிறது. அந்த ஏழாவதுதான் நம் விஷயம். உயர்ந்தோர் ஒரு பொருளை எந்தச் சொல்லால் எப்படிச் சொல்லி வந்தார்களோ அப்படியே சொல்வது மரபு, அது பிசகினால் மரபு வழு. ஆனால் நன்னூலை எழுதிய பவணந்தியார் அதோடு நிற்கவில்லை. மகிழ்ச்சியிலோ கோபத்திலோ உயர்த்திச் சொல்லும்போதோ இழித்துச் சொல்லும்போதோ திணையும் பாலும் மாறினால் அது இயல்புதான் என்று இடம் கொடுத்தார். மேய்ந்துவிட்டு வரும் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று ஒருவர் சொன்னால் அஃறிணை உயர்திணையாகிவிடுகிறது; கணக்குப்படி வழு. ஆனால் அன்பு என்ற காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே அது வழுவமைதி. கதைக்குள் மரபுத்தொடரை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தடம் மாறியதற்குக் காரணம் கதைக்குள்ளேயே தெரிந்தால் அமைதி. தெரியாவிட்டால் வழு.

இனி உங்கள் பையனுக்கு வருவோம்.

"தண்ணி காட்டுவது" என்றால் பிடிகொடுக்காமல் ஏய்ப்பது, அலைக்கழிப்பது. செய்தித்தாளில்கூட "போலீசாருக்குத் தண்ணி காட்டிய திருடன்" என்று வரும். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் அந்தச் சொல் தினமும் சாயங்காலம் வேறு பொருளில் புழங்குகிறது. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா?" என்றால், தொட்டியில் கழனித்தண்ணி ஊற்றி, தவிடோ பிண்ணாக்கோ கலந்து, மாட்டை அவிழ்த்து வந்து குடிக்க வைத்தாயா என்று கேட்பது. அதில் ஏமாற்று இல்லை. பாசம்கூட இருக்கிறது.

எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. என் அக்கா மகன், அப்போது ஆறு வயதிருக்கும், பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அவனுடைய அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி, "போய் மாட்டுக்குத் தண்ணி காட்டுடா" என்று அனுப்பினார். அவன் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, தொழுவத்தில் நின்ற செவலைப் பசுவின் முகத்துக்கு நேராக இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். பசு நாக்கை நீட்டியது. அவன் சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "காட்டிட்டேன் அப்பாயி" என்று உள்ளே வந்துவிட்டான். பின்னால் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு கணத்தில் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகத் தெரிந்தன. காட்டிவிட்டுக் கொடுக்காமல் இழுத்துக்கொள்வதுதானே ஏய்ப்பு? வழக்கு எப்படிப் பிறந்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு குழந்தையின் தப்பு, பெரியவர்கள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்ட சொல்லைத் திரும்பவும் சொரசொரப்பாக்கிக் காட்டியது. உங்கள் பையன் செய்வதும் இதேதான். அவன் அப்பாயி வாயிலிருந்து கற்றுக்கொண்டிருக்கக்கூடிய பொருள் "குடிக்கக் கொடுப்பது". அதைப் பெரியப்பா பேச்சில் பொருத்துகிறான். பெரியப்பா ரொம்ப நல்லவர், வங்கிக்காரருக்கு ஒரு வருஷமாகத் தாகம் தீர்க்கிறார் என்று நினைக்கிறான். அவன் தப்புக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. அதனால்தான் வங்கி அலுவலரின் முகம் மாறுவதை வாசகர் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, பெரியப்பாவை நினைத்து வயிற்றைக் கலக்கவும் செய்கிறது.

நேர்ப்பொருள் காட்சி எடுபட இரண்டு நிபந்தனை போதும் என்று நினைக்கிறேன். அந்தப் பாத்திரம் அப்படி எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்க வேண்டும். அதே காட்சியில் சரியான பொருளைக் கேட்கிற காது ஒன்றாவது இருக்க வேண்டும். அந்தக் காது வங்கி அலுவலருடையதாக இருக்கலாம், வாசகருடையதாக மட்டுமே இருக்கலாம். காது இல்லாத இடத்தில், எழுதியவருக்கே தெரியவில்லை என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

இது புதிய உத்தி ஒன்றும் இல்லை. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். குருவின் தலைப்பாகை மரக்கிளையில் தட்டிக் கீழே விழுகிறது, சீடர்கள் எடுக்கவில்லை. கீழே விழுந்ததையெல்லாம் எடுக்க வேண்டாமா என்று அவர் திட்டுகிறார். உடனே ஒரு சீடன் குதிரை போட்ட சாணத்தை அதே தலைப்பாகையில் ஏந்திக்கொள்கிறான். சலித்துப்போன குரு எதையெதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். பிறகு அவரே பள்ளத்தில் விழும்போது, பட்டியலில் குரு இல்லை என்று சீடர்கள் அவரைத் தூக்காமல் விடுகிறார்கள். ஒவ்வொரு தப்பும் முந்தின தப்பைத் திருத்தப் போட்ட கட்டளையிலிருந்தே பிறக்கிறது, கவனியுங்கள். அதனால் அது வெறும் முட்டாள்தனமாக நின்றுவிடாமல் கதையாகிறது. இதில் மரபுத்தொடர் கிடையாது, சாதாரணச் சொல்தான். ஆனாலும் கட்டுமானம் உங்கள் காட்சிக்கு உறவு.

இதைவிட நெருக்கமான உதாரணம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. காளமேகப் புலவர் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருந்து பாடியதாக வழங்கும் தனிப்பாடல்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

கேட்டதும் தோன்றுகிற பொருள் வசை. பொழுது சாயும்போதுதான் அரிசியே வரும், குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் உறங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். சத்திரத்துக்காரர் வருந்திக் கேட்டுக்கொள்ள, புலவர் பாட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் பொருளை மட்டும் திருப்பிப் புகழாக்கினார் என்பது கதை. உலகில் உணவு அருகிப் போகும் காலத்திலும் இங்கே அரிசி வந்துகொண்டிருக்கும். உலையிலிட்டால் ஊரின் பசி அடங்கும். இலையில் விழும் சோறு வெள்ளி போல வெளுத்திருக்கும். "ஊரடங்கும்" என்பது நாம் தினம் பேசுகிற தேய்ந்த தொடர், ஊர் தூங்கும் என்று பொருள். புலவர் அதைப் பிரித்து, ஊர் "அடங்கும்", அதாவது பசி தணியும், என்று எடுத்துக்கொண்டார். "வெள்ளி எழும்" என்பது விடிவதற்கான வழக்கு. அதை நிறமாக மாற்றினார். வழக்குப் பொருள் கேட்கிறவர் காதில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது. ஊரடங்குதல் என்றால் என்னவென்று தெரியாத ஊரில் இந்தப் பாட்டுக்குப் பாதி உயிர்தான்.

சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது. மரபுத்தொடரை நேர்ப்பொருளுக்குத் திருப்புகிறவருக்கு இரண்டு தெரிந்திருக்க வேண்டும்: தொடரின் வழக்குப் பொருள், தொடருக்கு அடியில் கிடக்கும் பொருட்டிண்மை, அதாவது கையால் தொடக்கூடிய அந்தச் சாமான். பிழை செய்கிறவருக்குப் பெரும்பாலும் அந்தச் சாமானைத் தெரிவதில்லை. ஓசை மட்டும் ஞாபகம் இருக்கும்.

திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். அலங்கரித்தால் 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்வார்கள். அந்த மலை தெருவில் நகரும்போது எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் சின்ன வயதிலிருந்து கீழேதான் பார்ப்பேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆப்பு வடிவ மரக்கட்டையோடு சிலர் நடந்துகொண்டே இருப்பார்கள். வடம் பிடிக்கிறவர்கள் ஒரே மூச்சில் இழுக்க, தேர் வீட்டு ஓரமாகச் சாய்ந்து போனால், குனிந்து கட்டையைச் சக்கரத்தின் அடியில் ஒரு கோணத்தில் செருகுவார்கள். சக்கரம் அதில் ஏறி, முனகி, திசை மாறும். நிறுத்த வேண்டுமானால் நேராகப் போடுவார்கள். கையை எடுப்பதற்கு ஒரு கணம் தாமதித்தால் கை இருக்காது. இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்து தந்த ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறார்கள், ஆனாலும் கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் கிளம்பாது. அந்தக் கட்டையின் பெயர் முட்டுக்கட்டை.

நாம் என்ன சொல்கிறோம்? "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே." நிறுத்துகிற ஒரு வேலையை மட்டும் வழக்கு எடுத்துக்கொண்டது, திருப்பிவிடுகிற வேலையையும் உயிரைக் காக்கிற வேலையையும் விட்டுவிட்டது. அது வழக்கின் உரிமை, குறை சொல்ல முடியாது. ஆனால் கதாசிரியருக்கு இங்கே ஒரு புதையல் இருக்கிறது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், "தாத்தா, எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதீங்க" என்று பேரன் கத்துகிறான் என்று வையுங்கள். தாத்தா நாற்பது வருஷம் தேருக்குக் கட்டை போட்டவர். அவர் கோபப்படாமல், "போடாட்டி தேரு யாரு வீட்டுக்குள்ளடா பூரும்?" என்று கேட்டால் போதும். அவர் தொடரைத் தெரியாமல் நேர்ப்பொருளில் எடுக்கவில்லை. தெரிந்தே எடுக்கிறார். குழந்தை தெரியாமல் செய்வதை முதியவர் தெரிந்து செய்கிறார். இரண்டும் வழுவமைதிதான்.

தஞ்சாவூர் பொம்மையும் இப்படித்தான். "தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டுறான்" என்றால் சொந்தப் புத்தி இல்லாமல் எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவன். ஆனால் தஞ்சாவூரில் அடி கனமான இன்னொரு பொம்மையும் செய்கிறார்கள், தள்ளினால் சாய்ந்து தானே நிமிர்ந்துகொள்ளும். விழுந்து விழுந்து எழுகிற ஒரு பெண்ணை "தஞ்சாவூர் பொம்மை" என்று ஒருவர் எழுதியிருந்தார். பொம்மை அளவில் அது உண்மை, வழக்கின் அளவில் தவறு. வாசகர் தலையாட்டியைத்தான் நினைப்பார். அந்தப் பெண்ணின் கையில் பொம்மையைக் கொடுத்து ஒருமுறை தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு உவமை தானாக நிற்கும் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். அவர் அதைச் செய்து அந்த அத்தியாயத்தையே மாற்றிவிட்டார்.

இப்போது பிழைப் பக்கம். உங்கள் கிளிக்கு வருகிறேன்.

இலவங்காய் பச்சையாக, கிளிக்கு ஆசை காட்டுகிற மாதிரி தொங்கும். பழுக்கும், தின்னலாம் என்று கிளி காத்திருக்கிறது. காய் பழுக்காது, முற்றி, காய்ந்து, வெடித்து, பஞ்சாகப் பறந்துவிடும். ஆக, இந்தத் தொடருக்குள் காத்திருப்பும் இருக்கிறது, ஏமாற்றமும் இருக்கிறது. இரண்டாவதுதான் அதன் உயிர். செல்விக்கு அவன் கிடைத்துவிட்டான், ஊரும் மகிழ்ந்துவிட்டது என்றால் கிளிக்கு அங்கே வேலை இல்லை. நீங்கள் "ரொம்ப நாள் காத்திருத்தல்" என்ற மேற்பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். சொல்வது கதைசொல்லி, பாத்திரம் இல்லை. ஆகவே தப்பை ஏற்றுக்கொள்ள உங்களைத் தவிர யாரும் அங்கே இல்லை. அதே வரியைச் செல்வியின் சித்தி கல்யாணப் பந்தலில் சொல்லி, பக்கத்தில் இருக்கும் பெரியவர் முகம் சுளித்திருந்தால் அது வேறு. அபசகுனமாகப் பேசிவிட்டாளே என்று பந்தலே பதறும். அதே சொற்கள்தான், ஆள் மாறினால் பிழை காட்சியாகிவிடும்.

இந்த வகைப் பிழைகள் நான் பார்த்தவரை ஒரே பாட்டையில்தான் வருகின்றன: தொடரின் பாதி நினைவிருக்கும், மீதி உதிர்ந்திருக்கும். "காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது போல, அவர் எடுத்த முயற்சியால் ரோடு வந்தது" என்று எழுதுவார்கள். காகத்தால் பழம் விழவில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன என்பதுதான் அந்தத் தொடர். "மடை திறந்த வெள்ளமாக மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தான்" என்றும் பார்த்தேன். மடைப்பலகையை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர் "மெல்ல" என்று எழுதமாட்டார், தண்ணீர் காலை வாரிவிடும்.

ஆனால் இந்த மடையை நேர்ப்பொருளில் அழகாகத் திருப்ப முடியும். ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறந்தாலும், பாசனத்தின் கடைசி முனையில் இருக்கிற கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் உடனே வந்துவிடாது. கல்லணைக்கு வந்து, கிளை ஆறுகளில் பிரிந்து, வாய்க்கால் தூர்ந்த இடத்திலெல்லாம் தேங்கி, கடைசியில் ஒரு ஈரக் கோடாக வரும். கோடியக்கரைப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, வாய் ஓயாமல் பேசும் மருமகனைப் பற்றி, "மாப்பிள்ளை மடை திறந்த வெள்ளந்தான், என்ன செய்ய, என் மவ கடைமடையில இருக்கா" என்று சொன்னால், அவன் ஊரெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து வாய் திறப்பதில்லை என்பது ஒரே வரியில் வந்துவிடும். இதை எழுத ஆற்றின் போக்கு தெரிந்திருக்க வேண்டும். அகராதி மட்டும் போதாது.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் பிழை எழுதுகிறவரிடமிருந்து மட்டும் வருவதில்லை. பல வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகைக்குச் சிறுகதை அனுப்பினேன். பெண் பார்க்க வந்தவர்கள் பெண் பிடிக்காமல் எழுந்து போகிற காட்சி. "அவர்கள் கை நனைக்காமலே கிளம்பினார்கள்" என்று எழுதியிருந்தேன். நம் பக்கம் கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவது. சம்பந்தம் பேசி முடிக்கும்வரை கை நனைக்கக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். ஆகவே அந்த ஒரு வரியில் பெண்ணை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அடுக்களையில் நிற்கும் அம்மாவுக்கு இலை போட வேண்டியதில்லை என்று புரிந்துவிடுகிறது. அச்சில் வந்தபோது "அவர்கள் கை கழுவாமலே கிளம்பினார்கள்" என்று இருந்தது. யாரோ பொருள் விளங்காமல் திருத்தியிருக்கிறார்கள். கை கழுவுவது என்றால் ஒருவரைக் கைவிடுவது. கை கழுவவில்லை என்றால் கைவிடவில்லை. கதை தலைகீழாகிவிட்டது. நேர்ப்பொருளில் எடுத்தாலோ, சாப்பிட்ட எச்சில் கையோடு போனார்கள் என்று ஆகிறது. எனக்கு வந்த இரண்டு கடிதங்களும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று மகிழ்ச்சி தெரிவித்திருந்தன. அந்தக் கதையை நான் பிறகு எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. மனசு வரவில்லை. அன்றிலிருந்து, யாருடைய கதையிலும் புரியாத தொடர் வந்தால் திருத்துவதற்கு முன் எழுதியவரைக் கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது: பழமொழிக்கு "உண்மையான பொருள்" கண்டுபிடிக்கிறவர்கள். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பதில் அம்மி எப்படிப் பறக்கும், அது அம்மை நோய்தான் என்று வாட்ஸ்அப்பில் வரும். "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பதில் குதிரை கிடையாது, அது குதிர், ஆற்று மணல் மேடு என்றும் வரும். எங்கள் பக்கம் ஆற்றில் கிடப்பதைத் திட்டு என்போம். குதிர் என்றால் நெல் கொட்டிவைக்கிற மண்கூடு. "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழி அதிலிருந்து வந்தது. இவர்கள் செய்வதும் ஒருவகையில் நேர்ப்பொருள் எடுப்பதுதான். அம்மி பறக்காது என்பது பழமொழி சொன்னவருக்கும் தெரியும். பறக்காததைப் பறக்க வைப்பதுதான் உயர்வு நவிற்சி. ஆடி மாதத்தில் ஒரு நாள் ஆற்றுக்கரையில் நின்று பார்த்தவருக்கு அம்மியை அம்மையாக்கத் தோன்றாது. இந்தத் திருத்தங்களைக் கதையில் ஆதாரமாக வைத்துவிடாதீர்கள். வேண்டுமானால் அப்படிப் பேசுகிற ஒரு மாமாவைப் படைத்துக்கொள்ளுங்கள், எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார்.

பாத்திரம் வேண்டுமென்றே தப்பாகப் பேசுவதாக எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஒருமுறை மட்டும் தப்பவிட்டால் அச்சுப்பிழை என்பார்கள், இரண்டாம் முறையும் அதே போக்கில் தப்பினால் அது அவருடைய பேச்சாகிவிடும். எந்தப் போக்கில் தப்புகிறார் என்பதும் அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

காலத்தையும் பாருங்கள். "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்பதில் தூற்றுவது என்றால் களத்தில் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி நெல்லைச் சரியவிட்டுப் பதரைக் காற்றில் பிரிப்பது. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொட்டிவிடுகிற இந்தக் காலத்தில், தஞ்சாவூர் மாவட்டத்திலேயே பிறந்த பத்து வயதுப் பெண்ணுக்குத் தூற்றுவது என்றால் திட்டுவது மட்டும்தான். அவள் இந்தப் பழமொழியை, ஆள் இல்லாதபோது திட்டிக்கொள் என்று எடுத்துக்கொண்டால் நான் நம்புவேன். உங்கள் கதை 1960இல் நடந்தால், அதே வயதுப் பெண் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணிலும் மூக்கிலும் தூசி போய்த் தும்மியிருப்பாள்.

ஆகாயத்தாமரைக்கும் இதே கதி. வழக்கில் அது இல்லாத பொருள், முயற்கொம்பு மாதிரி. ஆனால் வாய்க்காலை அடைத்துக்கொண்டு மிதக்கிற செடியையும் நம் ஆட்கள் ஆகாயத்தாமரை என்கிறார்கள், வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். பட்டணத்து வக்கீல் ஒருவர் நம்மூர் விவசாயியிடம், "நஷ்டஈடா? அது ஆகாயத்தாமரைங்க" என்று சொன்னால், அவர் கண் முன்னால் தெரிவது வாய்க்கால் முழுக்க, எடுக்க எடுக்கத் தீராமல் கிடக்கிற செடி. அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீடு திரும்பலாம். எழுத வேண்டும் என்று பல நாளாக மனசில் வைத்திருக்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்டாலும் சரி.

உங்கள் கையெழுத்துப் பிரதியில் நண்பர் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு. ஒன்பதாம் அத்தியாயத்தில் பெரியப்பா, "நாளின் முடிவில் நம்ம கையில என்ன நிக்குது" என்கிறார். நடவாளுக்குக் கூலி கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் வாயில் இது வராது. "கடைசியில பாத்தா" என்பார், அல்லது "கூட்டிக் கழிச்சுப் பாத்தா" என்பார். இது வேறொரு மொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் நடந்து வந்த தொடர். திருத்திவிடுங்கள்.

இனி அந்த இரண்டு இடம். செல்வியின் வரியில் கிளியை எடுத்துவிடுங்கள். காத்திருந்து அடைவதற்கு நம்மிடம் கொக்கு இருக்கிறது. "மடைத்தலையில் ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு" என்று மூதுரை சொல்வது நம் வாய்க்கால் ஓரத்தில் தினமும் நடக்கிற காரியம். செல்வி நாற்றங்காலுக்குப் போகிற வழியில் அது நிற்கட்டும், உவமையாக எழுதக்கூட வேண்டாம், அவள் கண்ணில் பட்டால் போதும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாழ்க்கை பஞ்சாகப் பறக்கப்போகிறது என்று நீங்கள் நினைத்திருந்தால் மட்டும் கிளியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் "ஊரே மகிழ்ந்தது" என்பதை வெட்டிவிடுங்கள்.

பையன் காட்சியில் சொம்பை நீட்டியதற்குப் பிறகு நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா ஓடி வந்து, தண்ணி காட்டுவது என்றால் ஏமாற்றுவது என்று அலுவலருக்கும் பையனுக்கும் விளக்குகிறார். நண்பர் சொன்னதற்குப் பயந்து பின்னால் சேர்த்தது என்று நினைக்கிறேன். அந்த நாலு வரியும் வேண்டாம். அதற்குப் பதிலாக, மூன்றாம் அத்தியாயத்தில் எங்காவது அப்பாயி வாயில் "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாடா" என்ற ஒரு வரியை வைத்து, மாடு குடித்து முடிக்கும்வரை பையனைத் தொட்டி ஓரத்தில் நிற்க வையுங்கள். வங்கி அலுவலர் சொம்பை வாங்கிக் குடிக்கிறாரா, திருப்பிக் கொடுக்கிறாரா என்பது மட்டும் வாசலில் தெரிந்தால் போதும்.